வீட்டுச் சேவையகம்: இரண்டு வன்தட்டுகள் எதைக் காக்கும், எதைக் காக்காது?

1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள் சுமார் 75,000 பேர். யாழ்ப்பாணத்தில் கொடுக்கப்பட்ட அவகாசம் இரண்டு மணித்தியாலம். அவர்களில் பெரும்பாலானோர் வந்து சேர்ந்தது புத்தளம் மாவட்டத்துக்கு. காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ், கலியாணப் படம் என எஞ்சியவற்றைப் பாலாவியைச் சுற்றியுள்ள வீடுகளில் சிலர் இன்றும் பொலித்தீன் பைகளில் வைத்திருக்கிறார்கள். கட்டுரைகளுக்காக நான் அவற்றை ஸ்கேன் செய்கிறேன், அவர்கள் சொல்வதையும் பதிவுசெய்கிறேன். அந்தக் கோப்புகளை எப்படி வைத்திருக்கிறேன் என்பதே இந்தக் கட்டுரை. வன்னியில் எடுத்த படங்களை ஒரேயொரு பென்டிரைவில் வைத்திருப்பவர்களுக்கும் இது பயன்படும்.

சேவையகத்துக்குப் பெரிய இயந்திரம் தேவையில்லை. டெபியன் லினக்ஸ் நிறுவிய பழைய மடிகணினி போதும். மின்வெட்டின்போது அதன் பற்றரியே கைகொடுக்கும். நுரைச்சோலையின் 900 மெகாவாட் அனல்மின் நிலையம் பாலாவியிலிருந்து கற்பிட்டி போகும் வழியில்தான் இருக்கிறது. ஆனாலும் 2022 மார்ச் இறுதியில் 13 மணித்தியால மின்வெட்டு நமக்கும் வந்தது. ஆகவே 2.5 அங்குல வெளி வன்தட்டுகளையே வாங்குங்கள். அவை யூஎஸ்பி வழியாகவே மின்சாரம் எடுக்கும். 3.5 அங்குலத் தட்டுக்குத் தனி அடப்டர் வேண்டும். கரண்ட் போனால் மடிகணினி ஓடும், தட்டு நின்றுவிடும். இரண்டு தட்டுகளும் வெவ்வேறு நிறுவனத் தயாரிப்பாக இருப்பது நல்லது. ஒரே தொகுதியில் வந்தவை ஏறக்குறைய ஒரே காலத்தில் பழுதாகக்கூடும்.

ஒரே கோப்பை இரு தட்டுகளிலும் ஒரே நேரத்தில் எழுதுவது ரெய்ட் 1. இரண்டு டெராபைட் தட்டுகள் இரண்டைப் போட்டாலும் கிடைப்பது இரண்டு டெராபைட் இடம்தான். இதற்கு நான் பயன்படுத்துவது பிடிஆர்எஃப்எஸ் கோப்பு முறைமை. ஒவ்வொரு துண்டுக்கும் அது ஒரு சரிபார்ப்பு எண்ணை வைத்திருப்பதால், வருடக்கணக்கில் திறக்காத படம் ஒரு தட்டில் சிதைந்தாலும் எந்தப் பிரதி சரியானது என்று அதற்குத் தெரியும். மாதம் ஒருமுறை ஸ்கிரப் கட்டளையை ஓட்டினால் நல்ல பிரதியிலிருந்து கெட்டதைத் திருத்திவிடும். உருவாக்கும்போது தரவு, மெட்டாடேட்டா இரண்டுக்கும் ரெய்ட் 1 எனக் குறிப்பிடுங்கள். முக்கியமான எதையும் ஏற்றுவதற்கு முன், ஒரு தட்டைக் கழற்றிவிட்டு மற்றதிலிருந்து கோப்புகளைத் திறக்க முடிகிறதா என்று பாருங்கள்.

யூஎஸ்பி இணைப்பு அடிக்கடி அறுந்துபோகும் என்பதுதான் இதிலுள்ள தொல்லை. ஓபன்மீடியாவால்ட் என்ற பிரபல சேவையக மென்பொருள் அந்தக் காரணத்தாலேயே தன் ரெய்ட் பட்டியலில் யூஎஸ்பி தட்டுகளைக் காட்டுவதில்லை. மலிவு ஹப் வேண்டாம், மடிகணினியின் துளைகளிலேயே நேராகச் செருகுங்கள். தட்டு விழுந்து எழும்பினால் ஸ்கிரப் ஓட்டுங்கள். இந்தக் கவனிப்புக்கு நேரமில்லாதவர்கள் ரெய்டை விட்டுவிட்டு, இரவுதோறும் ஆர்சிங்க் மூலம் ஒரு தட்டிலிருந்து மற்றதற்குப் பிரதி எடுக்கலாம். பெரும்பாலான வீடுகளுக்கு அதுவே மேல் என்பது என் எண்ணம்.

ஏனென்றால் ரெய்ட் காப்பது தட்டின் பழுதிலிருந்து மட்டுமே. ஒரு கோப்பை அழித்தால் அது இரு தட்டுகளிலும் அதே கணத்தில் அழியும். வெள்ளமோ தீயோ வந்தால் ஒரே மேசையிலுள்ள இரண்டும் போகும். 1981 ஜூன் முதலாம் திகதி யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்து முடிந்தபோது சுமார் 97,000 நூல்களும் சுவடிகளும் போயின. அவற்றில் பலவற்றுக்கு வேறெங்கும் பிரதி இருக்கவில்லை. 2005 இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகத்தின் பணி, அந்த ஒற்றை இடத்து ஆபத்தைக் குறைக்கிறது. குடும்பக் கோப்புகளுக்கு அந்த வேலையை நாமே செய்ய வேண்டும்.

என் மூன்றாவது தட்டு வேறு ஊரில், உறவினர் வீட்டில் இருக்கிறது. மாதம் ஒருமுறை அது வரும், பிரதி எடுத்ததும் திரும்பிப் போகும். உப்பளக் காற்றில் இரும்பு நிற்காது என்பது இங்குள்ளவர்களுக்குத் தெரியும். அதை சிலிக்கா ஜெல் பொதியுடன் இறுக மூடிய டப்பாவில் வைக்கிறோம். மூன்று தட்டுகளும் லக்ஸ் முறையில் மறைகுறியாக்கப்பட்டவை. நம்பிப் பேசியவர்களின் பெயரும் குரலும் வேறொருவர் கையில் போனால் ஆபத்து அவர்களுக்கே. கடவுச்சொல் மறந்தால் எவராலும் திறக்க முடியாது, எனவே நம்பிக்கையான இன்னொருவருக்கும் அது தெரிந்திருக்க வேண்டும்.

உறுதிகளை ஸ்கேன் செய்யும்போது உறுதி இலக்கம், நொத்தாரிசின் பெயர், ஆண்டு ஆகியவற்றைக் கோப்பின் பெயரிலேயே எழுதுங்கள். ஸ்கேன் பிரதி மூல உறுதி ஆகாது. ஆனால் மூலம் தொலைந்தால், காணிப் பதிவகத்தில் அத்தாட்சிப்படுத்திய பிரதி கேட்டு விண்ணப்பிக்க அந்த விபரங்கள் உதவும்.