மலைத் தழையும் வேலித் தழையும்

திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு வழியாகப் பொன்முடிக்குச் சென்ற நேயர்கள், மலை எழத் தொடங்கும் இடத்தில் வித்துரா என்னும் ஊரைக் கடந்திருப்பார்கள். தென்னை, கமுகு, வாழை, மிளகு, மரச்சீனி ஆகியவை நெருங்கி வளரும் அவ்வூர்த் தோட்டங்களைக் காண்போர், இம்மண் வற்றாத வளம் உடையது என்றே எண்ணுவர். உண்மை வேறு. இங்குள்ள செம்புரை மண் புளிப்புத் தன்மை மிக்கது; சத்துக்களை நெடுநாள் பிடித்து வைக்கும் ஆற்றல் குறைந்தது. இடவப்பாதி மழையும் துலாமழையும் ஆண்டுக்கு இருமுறை சரிவுகளைக் கழுவிச் செல்கின்றன. அடுத்துள்ள காடு மட்டும் பசுமை குன்றாதிருப்பதற்குக் காரணம், உதிர்ந்த இலை விழுந்த இடத்திலேயே மக்கி மீண்டும் மரத்திற்கு உணவாவதுதான். காட்டைத் திருத்தித் தோட்டமாக்கிய மனிதன் அந்த இலைக்கு என்ன மாற்றுக் கண்டான்? தழையுரத்தின் வரலாறு இவ்வொரு கேள்விக்கு விடை தேடிய வரலாறே எனலாம்.

முதல் விடை எளியது. காட்டின் இலையையே வெட்டிக் கொணர்ந்தார்கள். மலையாள நாட்டில் பச்சிலையும் சாணமும் சாம்பலுமே வயலுக்கும் தென்னந்தூருக்கும் நெடுங்காலம் உணவாக இருந்தன. வித்துராவுக்கு நேர் கிழக்கே, அகத்தியமலைத் தொடரின் மறுபுறத்தில், பாபநாசமும் அம்பாசமுத்திரமும் இருக்கின்றன. அங்கே தாமிரவருணிப் பாசன வயல்களில் தொளி உழவு முடிந்ததும் புங்கம், வேம்பு, பூவரசு, எருக்கு முதலியவற்றின் தழையைப் பரப்பி, காலால் மிதித்துச் சேற்றில் அமிழ்த்தினர். மலைச்சாரல் ஊர்களுக்குக் காடே எருக்குழியாக விளங்கியது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அந்நிலை மாறியது. சென்னை மாகாணத்தில் 1882-ஆம் ஆண்டு வனச் சட்டம் நிறைவேறிற்று. திருவிதாங்கூர் அரசும் அந்நூற்றாண்டு முடிவதற்குள் தனக்கெனக் காட்டுச் சட்டம் இயற்றிக்கொண்டது. ஒதுக்கப்பட்ட காடுகளில் இலை வெட்டுவதற்கு அனுமதியும் கட்டணமும் வேண்டியதாயின. காட்டைக் காக்க வேண்டிய தேவை மெய்யானதே. ஆயினும் அதன் சுமையில் ஒரு பங்கு ஏழைக் குடியானவனின் தலைமேல் விழுந்தது. தழைக்கட்டு அருமையாயிற்று, சாணமோ பல இடங்களில் அடுப்புக்குப் போயிற்று. ஆகவே இரண்டாவது விடை தேவைப்பட்டது.

அந்த விடையும் பழமையானதே. இலையை வெளியிலிருந்து கொணராமல், நிலத்திலேயே விதைத்து வளர்த்து மடக்கி உழுவது அது. ரோமானிய உழவர் லூப்பின் என்னும் அவரையினச் செடியை இவ்வாறு பயன்படுத்தினர். ஆறாம் நூற்றாண்டில் சீனத்தின் ஜியா சிசியே எழுதிய வேளாண் நூல் பாசிப்பயற்றை மடக்கி உழுவதைச் சிறப்பித்துக் கூறுகிறது. நம் நாட்டில் கொழிஞ்சி அத்தகைய செடி. அறுவடை முடிந்த வயலில் இட்ட விதை, கோடை மழையின் சிறு ஈரத்திலும் முளைக்கும்; மாடுகள் அதனை விரும்பித் தின்பதில்லை; உதிர்ந்த விதை மறு ஆண்டும் தானே முளைத்துவிடும். சணப்பையும் தக்கைப்பூண்டும் இதே பணிக்கு உரியவை.

இச்செடிகள் ஏன் மண்ணைச் செழிப்பாக்குகின்றன என்பது உழவனுக்கு அனுபவத்தால் தெரியும். காரணம் தெரியப் பல நூற்றாண்டு ஆயிற்று. 1886-இல் ஜெர்மானிய அறிஞர் ஹெல்ரீகல், அவரையினச் செடிகள் தம் வேர்முடிச்சுகளின் துணையால் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பெறுகின்றன என்று அறிவித்தார். அவரும் வில்ஃபார்த்தும் நடத்திய சோதனைகளின் முழு அறிக்கை 1888-இல் வெளியாயிற்று. அதே ஆண்டில் ஹாலந்து நாட்டு பையரிங்க் அம்முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிரைத் தனியே பிரித்தெடுத்தார். கண்ணுக்குத் தெரியாத ஓர் உயிர், வேரில் குடியிருந்து வாடகையாக உரம் தருகிறது என்பது அன்று உலகை வியக்க வைத்த செய்தி.

திருவிதாங்கூரில் இக்கேள்வி பசியின் வடிவத்தில் மீண்டும் எழுந்தது. 1942-இல் பர்மா ஜப்பானியர் வசமானதும் அங்கிருந்து வந்த அரிசி நின்றது. பாதி வயிற்றை இறக்குமதி அரிசியால் நிரப்பிய நாடு மரச்சீனியை நம்பி வாழ்ந்தது. விளைவைப் பெருக்கும் முயற்சியாக 1943-இல் ஃபாக்ட் உரத் தொழிற்சாலை நிறுவப்பெற்று, 1947-இல் ஆலுவாவுக்கு அருகே உற்பத்தியைத் தொடங்கிற்று. தொடக்கத்தில் அவ்வாலைக்கு வேண்டிய வாயு விறகிலிருந்தே எடுக்கப்பட்டது என்பது கருதத்தக்கது. இரசாயன உரமும் முதலில் காட்டின் வாயிலிலேதான் நிற்க வேண்டியிருந்தது!

சிறு தோட்டக்காரனுக்குக் கைகொடுத்தது மற்றொரு வரவு. மத்திய அமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட கிளைரிசிடியா மரத்தை மலையாளிகள் சீமக்கொன்ன என்று அழைக்கின்றனர். சுதந்திரத்திற்குப் பிந்திய ஆண்டுகளில் வேளாண் துறையினர் இதனைக் கேரளத்திலும் தமிழகத்திலும் பரப்பினர். கொம்பை வெட்டி நட்டால் வேர்விடும், வேலியாக நிற்கும், ஆண்டில் பலமுறை தழை கொடுக்கும். உலர்ந்த அதன் இலையில் ஏறத்தாழ 3 விழுக்காடு நைட்ரஜன் உண்டு. பயிருக்குரிய நிலத்தில் ஒரு சாணும் இதற்காக ஒதுக்க வேண்டுவதில்லை. அரை ஏக்கருக்கும் குறைந்த நிலத்தை நம்பி வாழ்வோனுக்கு இது சிறு செய்தியன்று.

சரிவில் மரச்சீனி பயிரிடுவோர் மேலும் ஒன்றை அறிதல் நலம். விசாகம் திருநாள் மகாராஜா 1880 முதல் 1885 வரை ஆண்ட காலத்தில் ஊக்குவித்துப் பரப்பிய இப்பயிர், பல உயிர்களைக் காத்தது. ஆனால் கிழங்கு பறிக்கும்போது மண் புரண்டு தளர்கிறது, அடுத்த மழை அதை அடித்துச் செல்கிறது. திருவனந்தபுரம் ஸ்ரீகாரியத்தில் 1963-இல் தொடங்கிய மத்திய கிழங்குப் பயிர் ஆராய்ச்சி நிலையத்தின் ஆய்வுகள், மரச்சீனிக்கு முன் தட்டைப்பயறு விதைத்து மண்ணில் மடக்கினால், தொழுவுரத்திற்கு அது தக்க மாற்றாகும் எனக் காட்டின. மாடு இல்லாத வீடுகள் பெருகிவிட்ட இக்காலத்தில் இதன் பொருள் தெளிவு.

செய்முறையும் கடினமன்று. புதுமழை விழுந்ததும் விதைத்து, பூக்கத் தொடங்கும் 45 முதல் 60 நாட்களுக்குள் அறுத்து மண்ணில் புதைக்க வேண்டும். காலம் கடத்தினால் தண்டு நாராகி மக்கத் தாமதிக்கும். தழை மட்டுமே எல்லாம் தந்துவிடாது; அது பெரிதும் அளிப்பது நைட்ரஜனும் மட்கும்தான். மண்ணின் புளிப்பை மாற்றச் சுண்ணாம்பும், மணிச்சத்துக் குறையுமிடத்தில் எலும்புத்தூளோ பாறைப் பாஸ்பேட்டோ சேர்க்க வேண்டும்.

மலையிலிருந்து தலைச்சுமையாய் இறங்கிய தழை, வயலில் விதைக்கும் பயிராகி, முடிவில் வேலியோரம் வந்து நின்றது. ஒவ்வொரு படியிலும் உழவன் காட்டை நம்புவது குறைந்தது; காடும் அவ்வளவுக்குப் பிழைத்தது. வித்துராவின் சரிவுகளில் மழை பெய்யும் வரை இப்பணிக்கு ஓய்வில்லை. மண்ணிலிருந்து எடுத்ததை மண்ணுக்கே திருப்பித் தருபவனிடம்தான் தோட்டம் தலைமுறை தாண்டி நிலைக்கும்.