ஏட்டெண்ணும் பக்கவெண்ணும்

மட்டக்களப்பு வாவி அந்நாட்டை எழுவான்கரை, படுவான்கரை என இரண்டாகப் பகுக்கின்றது. இருகரையிலுமுள்ள கண்ணகி கோயில்களில் வைகாசிச் சடங்கின்போது கண்ணகி வழக்குரை படிக்கப்படுதல் நெடுநாள் வழக்கு. ஏட்டிற் கிடந்த அந்நூலை வித்துவான் வீ. சீ. கந்தையா 1968 ஆம் ஆண்டில் அச்சேற்றினார். எஃப். எக்ஸ். சி. நடராசா பதிப்பித்த மட்டக்களப்பு மான்மியம் அதற்கு முன்னரே, 1962 இல், வெளிவந்தது. 2005 இல் நூலகம் என்னும் எண்ணிம முயற்சி தொடங்கியபின் ஈழத்து நூல்கள் மின்கோப்பாகவும் வழங்கி வருகின்றன. இவ்வாறு ஏடு, அச்சு, மின்கோப்பு என ஒரு நூல் மூன்று உருவம் பெறுங்கால் அதன் பக்கத்தொகை மூன்றிடத்தும் ஒன்றாய் நிற்பதில்லை. அவ்வேறுபாடு இழப்பைக் காட்டுவதா, எண்ணும் முறையைக் காட்டுவதா என்பது ஆராயற்பாலது.

பக்கம் என்னும் சொல்லுக்கு மருங்கு என்பதே முதற்பொருள். ஏடெழுதினோர் மருங்கை எண்ணினாரல்லர், ஏட்டையே எண்ணினர். முன்புறத்து இடது ஓரத்தில் எண் பொறிப்பர். பின்புறம் எண்ணின்றி நிற்கும். ஆகவே 100 ஏடுடைய சுவடிக்கு மருங்கு 200 ஆம். காப்பாக வைத்த வெற்றேடு இரண்டிருப்பின் மருங்கு நான்கு கூடும். மேற்சட்டங்களிரண்டின் வெளிப்புறத்தையும் படம்பிடித்தால் 206 படங்களாகும். ஈரேடுகளை ஒருங்கு வைத்துப் படம்பிடிப்பின், வெற்றேடும் சட்டமும் நீங்கலாக, 100 படங்களே வரும். அத்தொகை ஏட்டுத்தொகையோடு தற்செயலாக ஒத்திருத்தலால், பின்புறம் எடுக்கப்படவில்லையென ஒருவர் மயங்கவும் கூடும்.

தமிழெண்ணும் மயக்கந் தரவல்லது. இரண்டென்னும் எண் உகரத்தின் வடிவினது. முதலேட்டின் தலைப்பிலே பிள்ளையார் சுழியும் அதனையொத்தே நிற்கும். பழக்கமில்லாதார் முதலேட்டை இரண்டாமேடென்று குறித்துவிட்டு, முதலேடு எங்கேயெனத் தேடுதல் நகைப்புக்குரியதாயினும் நிகழக்கூடாததன்று.

அச்சு நூலிலும் இத்தொல்லை உண்டு. முகவுரைப் பகுதி உரோம எண்ணால் 16 பக்கமும், நூற்பகுதி 120 பக்கமும் உடையதாயின், பட்டியலெழுதுவோர் ஈற்றிலுள்ள 120 ஐ மட்டும் குறித்தல் பெருவழக்கு. மின்கோப்போ அட்டையின் நான்கு புறத்தையும் சேர்த்து 140 எனக் காட்டும். பட்டியலெண் மனிதர் இட்டது. கோப்பெண் கணினி தானே எண்ணியது. சில வருடிகள் வெற்றுப் பக்கத்தைத் தாமே நீக்கிவிடுவதால் தொகை குறைதலும் உண்டு. இவையெல்லாம் பிழையல்ல; எதனை எண்ணினோமென எழுதிவையாமையே பிழை.

இதனினும் அஞ்சத்தக்கது தொகை ஒத்திருத்தல். ஈரத்தால் ஒட்டிய ஈரேடுகளை ஒன்றாகப் புரட்டினால் இரு மருங்கு விடுபடும். பிறிதோரேட்டைக் கவனமின்றி இருமுறை படம்பிடித்தால் இரு மருங்கு கூடும். கணக்கு நேராகிவிடும், நூலோ குறையாகிவிடும். வழக்குரை போன்ற செய்யுணூலாயின் ஓசையும் கதையும் முறிந்து, படிப்போர் செவியே குறையைக் காட்டிவிடும். உரைநடையில் அரசர் வரிசையும் குடிமுறையும் கூறும் ஏட்டில் அத்துணை எளிதிற் புலப்படாது. கோயிலில் இன்ன குடிக்கு இன்ன உரிமையென்பது மட்டக்களப்பில் இன்றும் உயிருள்ள வழக்கு; ஓரேடு நழுவின் ஒரு குடியின் பெயரே நழுவிப்போதல் கூடும். அத்தகைய குறைப்பிரதியை முழுப்பிரதியெனக் கொண்டு வழக்காடுவாரும் உளராவர்.

மூலவேடு இருக்குங்காறும் மீளப் பார்த்துத் திருத்தலாம். 1978 நவம்பர்ச் சூறாவளியையும் 2004 டிசம்பர்க் கடற்கோளையும் கண்ட கரையில் அவ்வுறுதி இல்லை. 1981 இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரியுண்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் அழிந்தன. மூலம் அழிந்தபின் படம் ஒன்றே சான்று.

ஆதலின் ஏட்டுத்தொகை, மருங்குத்தொகை, படத்தொகை என்னும் மூன்றையும் பதிவேட்டில் வெவ்வேறாகக் குறித்தல் வேண்டும். ஒவ்வொரு படத்தின் பெயரிலும் ஏட்டெண்ணும் முன் பின் என்னுங் குறிப்பும் இடம்பெறல் வேண்டும். படத்தை அழகுபடுத்துவோர் கறுத்துச் சிதைந்த ஓரத்தை வெட்டிவிடுகின்றனர். எழுதினவன் இட்ட எண் அவ்விடது ஓரத்திலேதான் இருக்கின்றது.