ஆளும் எண்ணே அளக்கும் எண்ணாகலாமா? மூடிய சுற்று மயக்கமுறை மதிப்பீட்டில் ஒரு சிக்கல்

மூளை மின்னலையின் பின்னூட்டத்தைக் கொண்டு புரோபோஃபால் என்னும் மயக்க மருந்தைத் தானே செலுத்தும் மூடிய சுற்றுக் கருவி மயக்கவியலாளரின் கையை விஞ்சிவிட்டது என்பது இன்று ஏறத்தாழ முடிந்த முடிபாக எடுத்தாளப்படுகிறது. அதற்குக் காட்டப்படும் முதன்மைச் சான்று, மயக்கத்தின் ஆழத்தை மூளை மின்னலையிலிருந்து எண்ணாகக் கணிக்கும் பிஸ் (BIS) குறியீடு 40க்கும் 60க்கும் இடையே நின்ற நேரத்தின் விழுக்காடு. அந்தச் சான்று இவ்வளவு பாரத்தைத் தாங்காது என்று கருதுகிறேன்.

பாரிஸை அடுத்த சுரேனின் ஃபோக் மருத்துவமனைக் குழு 2006இல் வெளியிட்ட ஆய்வை எடுத்துக்கொள்வோம். அதில் வரும் ஒட்டுமொத்த மதிப்பெண், இலக்கிலிருந்து விலகிய அளவின் இடைநிலையையும் அலைவையும் கூட்டி, 40–60க்குள் நின்ற நேர விழுக்காட்டால் வகுத்துப் பெறப்படுவது. எண் சிறுத்தால் கட்டுப்பாடு சிறந்தது. விலகல், அலைவு ஆகிய இரு அளவைகளும் 1992இல் வார்வெல் குழு வகுத்தவை. ஆனால் அக்குழு அளக்க முனைந்தது வேறு. பம்பு கணித்த மருந்துச் செறிவை, நோயாளியின் இரத்த மாதிரியில் ஆய்வகம் கண்ட செறிவோடு அவர்கள் ஒப்பிட்டார்கள். ஆய்வகம் என்ன சொல்லும் என்பது பம்புக்குத் தெரியாது. அளவையின் வலிமையே அதில்தான் இருந்தது. மூடிய சுற்றுக்கு அதை எடுத்துவந்தபோது இந்தச் சார்பின்மை தொலைந்தது. பிஸ் எண்ணைப் பார்த்தே மருந்தைக் கூட்டிக் குறைக்கும் நிரலை அதே பிஸ் எண்ணால் மதிப்பிடுவது, தேர்வு எழுதியவரிடமே விடைத்தாளைத் திருத்தக் கொடுப்பதாகும்.

கையால் மருந்து செலுத்தியவர்களும் இதே எண்ணால்தானே மதிப்பிடப்பட்டார்கள் என்று கேட்கலாம். அவர்கள் நாடித்துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் அறுவையின் கட்டத்தையும் சேர்த்துப் பார்த்து முடிவெடுத்தவர்கள். அந்த எண்ணை மட்டும் துரத்தாதவர், துரத்திய கருவியிடம் தோற்பதில் வியப்பில்லை. மயக்கம் தெளியும் நேரமும் செலவான மருந்தின் அளவும் வேறு வகைச் சான்றுகள். அவற்றை இங்கு மறுக்கவில்லை.

சிக்கலின் ஆழத்தை 2015இல் வெளியான ஒரு பரிசோதனை காட்டுகிறது. மயக்க மருந்து எதுவுமின்றி முழு விழிப்போடிருந்த 10 தன்னார்வலர்களுக்குத் தசைத் தளர்த்தி மட்டும் கொடுத்தார்கள். பிஸ் 44 வரை இறங்கியது. இலக்கு 50 என்று வைத்த கருவி அங்கே இருந்திருந்தால், மயக்கம் ஆழ்ந்துவிட்டது எனக் கொண்டு புரோபோஃபாலைக் குறைக்கவே முனைந்திருக்கும். விலகல் வெறும் 12 விழுக்காடு. மதிப்பெண் அதை நல்ல கட்டுப்பாடு என்று பதிந்திருக்கும். எல்லாம் உணர்ந்தும் விரலசைக்க முடியாமல் கிடப்பவருக்கு அந்தப் பதிவால் என்ன காப்பு?

மருந்தே ஓடாத நிலை செயற்கையானது என்னும் மறுப்பு நிற்காது. பிரிட்டனும் அயர்லாந்தும் இணைந்து நடத்தி 2014இல் வெளியிட்ட தேசியத் தணிக்கை, நரம்புவழி மயக்கத்தில் நேர்ந்த விழிப்புகளுக்கு மருந்து உரிய அளவில் போய்ச் சேராததையே பெரும் காரணமாகச் சுட்டியது.

நான் ஏற்கும் சான்று, நிரல் காணாத இடத்திலிருந்து வர வேண்டும். 2020இல் வெளியான பிரஸ்ஸல்ஸ் ஆய்வு, 60 வயதைக் கடந்த 90 பேரின் அறிதிறனை அறுவைக்கு ஒரு வாரம் கழித்துச் சோதித்தது. தானியங்கு முறையில் மயக்கமளிக்கப்பட்டவர்கள் சற்று மேலாக இருந்தார்கள். மயக்கம், திரவம், சுவாசம் என மூன்று சுற்றுகள் அங்கு ஒருங்கே இயங்கியதால் பயன் எதனுடையது என்று பிரிக்க இயலாது. அடுத்த ஆய்வு மயக்கச் சுற்றை மட்டும் தனித்து இயக்கி, இதே அறிதிறன் சோதனையை வைக்க வேண்டும். எண் நன்றாக இருந்தபோது மருந்து உண்மையில் ஓடியதா என்று பிறர் பார்க்க, மருந்து ஓடிய வேகத்தின் பதிவையும் முழுதாக வெளியிட வேண்டும்.