பானையும் தட்டணும், விமானத்தையும் தட்டணும்

எங்க பாட்டி மண்பானை வாங்கும்போது கண்ணால் பார்ப்பதோடு விடமாட்டார். விரலை மடக்கி நாலு இடத்தில் தட்டுவார். கணீர்னு சத்தம் வந்தால் பானை வீட்டுக்கு வரும், 'டொப்'புன்னு வந்தால் கடைக்காரரிடமே திரும்பிப் போகும். "விரிசல் கண்ணுக்கு முன்னாடி காதுக்குத் தெரியும்டா" என்பார். ரயில் நின்றதும் சுத்தியலோடு சக்கரங்களைத் தட்டிக்கொண்டே போனவர்கள் செய்ததும் இதே வேலைதான்.

சரி, மேட்டருக்கு வருவோம்.

2005 மார்ச் 6. கியூபாவின் வரதேரோவிலிருந்து கனடாவின் கியூபெக் நகருக்குக் கிளம்பியது ஏர் டிரான்சாட் 961. ஏர்பஸ் ஏ310 விமானம், உள்ளே 271 பேர். மேலே ஏறி நிதானமாகப் பறக்க ஆரம்பித்த பிறகு பெரிய சத்தம், அதிர்வு, விமானம் இடமும் வலமுமாக ஆட ஆரம்பித்துவிட்டது. விமானிகள் உயரத்தைக் குறைத்து, ஆட்டம் அடங்கியதும் திருப்பிக் கொண்டுவந்து வரதேரோவிலேயே பத்திரமாக இறக்கினார்கள். கீழே வந்து பார்த்தால் வாலில் இருந்த சுக்கானைக் காணோம்! அடியில் கொஞ்சம் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது.

அந்தச் சுக்கான் உலோகம் கிடையாது. இரண்டு பக்கமும் கார்பன் இழைத் தகடு, நடுவே தேன்கூடு மாதிரி உள்ளீடு. உள்ளே ஏற்கனவே ஒட்டு விட்டுப்போயோ உள்ளீடு கிழிந்தோ இருந்து, அது பறக்கும்போது பரவியிருக்க வேண்டும் என்றது கனடாவின் விசாரணை அறிக்கை. அதுவரை அந்தச் சுக்கானைச் சோதித்தது எப்படித் தெரியுமா? கண்ணால் பார்ப்பது, தட்டிப் பார்ப்பது. அதாவது எங்க பாட்டி டெக்னிக்! அது போதாது என்று சொல்லிவிட்டார்கள்.

(இதை 2001 நவம்பரில் நியூயார்க்கில் 265 பேர் இறந்த விபத்தோடு சிலர் குழப்பிக்கொள்வார்கள். அங்கேயும் கார்பன் இழை வால்தான் பிய்ந்தது. ஆனால் சுக்கானை மாறி மாறி வேகமாக மிதித்ததில் வடிவமைத்த அளவையும் தாண்டிய பாரம் விழுந்ததுதான் காரணம் என்றது அமெரிக்க விசாரணை. பாவம், அந்த வால் தாங்க வேண்டியதற்கு மேலேயே தாங்கியிருக்கிறது.)

காம்போசிட்டின் குணமே இதுதான். அலுமினியத்தின் மேல் ஸ்பானர் விழுந்தால் குழி விழும், பார்த்ததும் தெரியும். இது பரோட்டா மாதிரி அடுக்கு அடுக்காக இருப்பது. மேலே ஒன்றும் தெரியாது, உள்ளே அடுக்கு பிரிந்திருக்கும். அப்போ உள்ளேயே ஒரு காதை வைத்துவிட்டால்?

அந்தக் காது 1880லேயே கிடைத்துவிட்டது. பாரிசில் ழாக், பியர் க்யூரி சகோதரர்கள் குவார்ட்ஸ் போன்ற படிகங்களை அழுத்தினால் மின்னூட்டம் வருகிறது என்று கண்டார்கள். மின்சாரம் கொடுத்தால் படிகம் லேசாக அசையும் என்பதையும் அடுத்த வருடமே காட்டினார்கள். ஆக, ஒரே வில்லை பேசவும் செய்யும், கேட்கவும் செய்யும். மெல்லிய தகட்டில் அலை எப்படி ஓடும் என்ற கணக்கை ஹோரஸ் லாம்ப் 1917ல் போட்டு வைத்தார். 1950களில் பி.இசட்.டி. என்கிற பீங்கான் வந்தது, குவார்ட்ஸைவிடப் பல மடங்கு கூர்மை.

1990களில் ஸ்டான்ஃபோர்டில் ஃபூ-குவோ சாங் குழுவினர் இந்தக் குட்டி வில்லைகளை ஒரு மெல்லிய படலத்தில் பதித்து, காம்போசிட் அடுக்குகளுக்கு நடுவே வைத்து, சேர்த்தே வேகவைத்தார்கள். ஒரு வில்லை அதிரும், மற்றவை கேட்கும். புதிதாக இருந்தபோது பதிந்த அலையோடு இன்றைய அலையை ஒப்பிட வேண்டும். நம்ம பாஷையில் சொன்னால் 'டிஃப்' எடுப்பது, அவ்வளவுதான் :-)

அவ்வளவுதான் என்று நினைத்துத்தான் நானும் ஃபைனல் இயர் பிராஜெக்டில் மாட்டிக்கொண்டேன். உள்ளே பதிக்கிற வசதி ஏது? ரிச்சி தெருவில் பஸ்ஸர் வில்லைகள் வாங்கி, கண்ணாடி இழைத் தகட்டில் ஒட்டி, ஒரு வாரம் அளந்தேன். ஏழாம் நாள் அலை சுத்தமாக மாறிவிட்டது. விரிசலைக் கண்டுபிடிச்சாச்சுன்னு ஊருக்கெல்லாம் சொல்லிட்டேன். வைவாவில் சார் வில்லையை நகத்தால் நெம்பினார், கையோடு வந்துவிட்டது. தகட்டுக்கு ஒன்றுமே இல்லை, ஒட்டுதான் போயிருந்தது. "தகட்டைப் பாத்துக்கத்தான் சென்சார். சென்சாரை யாருப்பா பாத்துக்குவா?" என்றார். ஙே என்று நின்றேன்.

நிஜ விமானத்திலும் இதே தலைவலி உண்டு. வெயில் ஏறினாலே அலையின் வேகம் மாறும், வெறும் வெயிலைச் சேதம் என்று கணக்குச் சொல்லிவிடும். பதித்த வில்லை செத்தால் கழற்றி மாற்ற முடியாது. போதாக்குறைக்கு அடுக்குக்கு நடுவில் அதுவே ஒரு அந்நியப் பொருள். இன்றும் பராமரிப்புக் கூடங்களில் அல்ட்ராசோனிக் கருவிகளோடு ஒரு குட்டிச் சுத்தியலும் கிடப்பது சும்மா இல்லை.

சார் கேட்ட கேள்விக்கு விடை வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் ஒரு ஆய்வுக் கட்டுரையில் கிடைத்தது. வில்லையின் கெபாசிடன்ஸை அளந்தாலே போதுமாம். ஒட்டு விட்டால் ஏறும், வில்லை உடைந்தால் இறங்கும். அதை அளக்கிற மல்டிமீட்டர் அந்த ஒரு வாரமும் என் மேசையிலேயே இருந்தது.