கேளாத காதும் காத்திருக்காத மூளையும்

பிறந்த பிள்ளையைக் கையில் வாங்கியதும் வலது காதில் வாங்கு சொல்வது எங்கட வழமை. வாப்பா சொல்வார், இல்லாட்டி மூத்தவாப்பா சொல்வார். பெரியநீலாவணையில் கோயில் பக்கத்து வீடுகளில் பெயர் வைக்கும் நாளில் பிள்ளையின் காதுக்குள்ள மூன்று தரம் பெயரைச் சொல்வார்கள். வேறு எத்தனை விஷயத்தில் இரண்டு சமூகமும் பிரிந்து நின்றாலும் இதில் ஒன்றுதான்: மனிதருக்குள் உலகம் முதலில் காது வழியாக நுழையட்டும் என்ற எண்ணம்.

உண்மையில் அந்த வாங்கு முதல் சத்தம் இல்லை. கருவில் ஆறு மாதம் ஆகும்போதே பிள்ளைக்குக் காது வேலை செய்யத் தொடங்கிவிடும். உம்மாவின் குரலும், அவவின் இதயம் அடிக்கும் சத்தமும் உள்ளே போகும். மூன்று மாதம் கேட்டுப் பழகித்தான் பிள்ளை வெளியே வருகிறது.

அந்தக் காது கேளாத காதாக இருந்தால்?

சின்ன வயசில் மூத்தம்மாவோட மருதமுனைக்குப் போவேன். அங்க ஒரு தறிக்கொட்டிலில் ஒருத்தர் சாரன் நெய்வார். ஊர் முழுக்க அவரை 'ஊமையர்' என்றுதான் கூப்பிடும். அவருக்கும் ஒரு பேர் இருந்தது, ஆனா அது அடையாள அட்டைக்குள்ள மட்டும்தான். நாடா ஓடும் சத்தம் அவருக்குக் கேட்காது. மிதியில் வைத்த காலால் தறியின் அதிர்வை உணர்ந்து நெய்வார். நூல் அறுந்தா மற்றவர்களை விட முதலில் அவருக்குத்தான் தெரியும். அவருடைய தங்கச்சியோட மட்டும் கையால பேசுவார். அந்தக் கைப்பேச்சு அந்த வீட்டு வாசலைத் தாண்டினா யாருக்கும் விளங்காது.

"காது கேக்காமப் பொறந்ததாலதான் மனே வாய் வரல்ல" என்று மூத்தம்மா சொல்லுவா. அது பாதி சரி. காதுக்கும் வாய்க்கும் நடுவில் ஒன்று இருக்கிறது, மூளை. காது மௌனமாக இருக்கும்போது மூளைக்குள் என்ன நடக்கிறது என்பதைக் கண்டுபிடிக்க நூறு வருடத்துக்கு மேல் எடுத்தது. இந்தக் கட்டுரை அந்த நூறு வருடக் கதைதான்.

நத்தைச்சுருளில் இருந்து மூளை வரைக்கும்

உள்காதில் நத்தை ஓடு போலச் சுருண்ட ஒரு எலும்புக் குழாய் இருக்கிறது. நத்தைச்சுருள் என்போம். அதற்குள் வரிசையாக மயிர்க்கலங்கள். மூளைக்குச் செய்தி அனுப்பும் உள்வரிசைக் கலங்கள் ஒரு காதில் ஏறத்தாழ 3500 மட்டுமே. அவை அதிர்வை மின்குறியாக மாற்றுகின்றன. ஏறத்தாழ 30,000 நார்கள் கொண்ட கேள்நரம்பு அதை மூளைத்தண்டுக்குக் கொண்டு போகிறது. அங்கிருந்து படிப்படியாக ஏறி, கடைசியில் மூளையின் மேற்பட்டையில் அது 'சத்தம்' ஆகிறது.

1893இல் ஜெர்மனியின் ஹான்ஸ் ஹெல்ட் இந்தப் பாதையின் முதல் தரிப்பிடத்தை நுணுக்குக்காட்டியில் பார்த்தார். கேள்நரம்பு நார் வந்து முடியும் இடத்தில், விரல்கள் பந்தைப் பொத்திப் பிடிக்கிற மாதிரி, அடுத்த நரம்புக்கலத்தைப் பிடித்திருந்தது. மூளையில் உள்ள மிகப் பெரிய நரம்பிணைப்புகளில் அதுவும் ஒன்று. இன்றைக்கும் 'ஹெல்டின் முனைக்குமிழ்' என்றுதான் அதைச் சொல்கிறார்கள்.

ஏன் அவ்வளவு பெரிசு? நேரத்துக்காக. கல்முனை–மட்டக்களப்பு மெயின் ரோட்டைக் கடக்க நிற்கிறீங்க, மோட்டார்சைக்கிள் எந்தப் பக்கத்தில் வருகிறது என்று பார்க்காமலே தெரிகிறது. ஒரு காதுக்குச் சத்தம் கொஞ்சம் முந்தி வருவதை வைத்துத்தான் மூளை அதைக் கணக்குப் போடுகிறது. ஒரு செக்கனைப் பத்து இலட்சமாகப் பிரித்தால் அதில் பத்துப் பங்கு வித்தியாசத்தைக்கூட அது பிடிக்கும். அவ்வளவு துல்லியம் வேணும் என்றால் செய்தியைக் கைமாற்றும் இடத்தில் ஒரு துளியும் பிசகக் கூடாது.

வெள்ளைப் பூனையும் கோழி முட்டையும்

டார்வின் 1859இல் வெளியிட்ட தன் புகழ்பெற்ற நூலில், நீலக் கண் பூனைகள் காது கேளாதவை என்று ஒரு குறிப்பு எழுதி வைத்தார். பின்னர் அதை வெள்ளை உடலும் நீலக் கண்ணும் உள்ளவை என்று திருத்தினார். அந்தச் சின்னக் குறிப்பு ஒன்றரை நூற்றாண்டு கழித்துப் பெரிய கதையாகும் என்று அவருக்கே தெரிந்திருக்காது.

அதற்கு முன் முட்டை வருகிறது. முசோலினி காலத்தில் யூதர் என்பதற்காகப் பல்கலைக்கழகத்தில் இருந்து ஒதுக்கப்பட்ட ரீட்டா லெவி-மொன்டால்சினி, தன் படுக்கையறையையே ஆய்வுகூடமாக்கிக் கோழிக் கருக்களை ஆராய்ந்தவர். 1949இல் அவர் வெளியிட்ட ஒரு ஆய்வில், உள்காதாக வளர வேண்டிய பகுதியைக் கருவிலேயே அகற்றிவிட்டு என்ன நடக்கிறது என்று பார்த்தார். மூளையில் கேள்விக்குரிய பகுதி தொடக்கத்தில் வழமை போலவே வளர்ந்தது. காதில் இருந்து நார்கள் வந்து சேர வேண்டிய காலம் கடந்ததும் அந்தக் கலங்கள் சுருங்கிச் சாகத் தொடங்கின. அதாவது மூளை தன் பங்கைத் தானே கட்டிக்கொள்ளும், ஆனால் மறுபக்கத்தில் இருந்து ஆள் வராவிட்டால் கட்டியதைத் தக்கவைக்காது.

1960களில் டேவிட் ஹூபெலும் டோர்ஸ்டன் வீசலும் கண்ணுக்கு இதைக் காட்டினார்கள். பூனைக்குட்டியின் ஒரு கண்ணைச் சில மாதம் மூடி வைத்தார்கள். பிறகு திறந்தாலும் அந்தக் கண்ணால் பார்வை வரவில்லை. கண் நல்லாத்தான் இருந்தது. மூளைதான் அந்த இடத்தை மற்றக் கண்ணுக்கு எழுதிக் கொடுத்துவிட்டது. வளர்ந்த பூனையின் கண்ணை அதே போல மூடினால் ஒன்றும் ஆகவில்லை. இதற்கு 1981இல் நோபல் பரிசு கிடைத்தது.

காதுப் பாதையில் இதே கேள்வியைக் கேட்டவர் அமெரிக்காவின் டேவிட் ரியூகோ. பிறவியிலேயே கேளாத வெள்ளைப் பூனைகளை எடுத்து, ஹெல்ட் பார்த்த அந்த முனைக்குமிழை 1990களில் எலத்திரன் நுணுக்குக்காட்டியில் பார்த்தார். கேட்கும் பூனையில் அந்தப் பிடி கிளை கிளையாக விரிந்திருந்தது. கேளாத பூனையில் கிளைகள் குறைந்திருந்தன. செய்தியை வாங்கும் பக்கத்தில், சின்னதாகக் குவிந்திருக்க வேண்டிய இணைப்பு மேடைகள் தட்டையாகிப் பெருத்துக் கிடந்தன. வராத கடிதத்துக்காகத் தபால்பெட்டியின் வாயைப் பெரிசாக்கிப் பார்த்த மாதிரி.

2005இல் அவரும் கூட்டாளிகளும் மூன்று மாதம் நிரம்பிய கேளாத பூனைக்குட்டிகள் மூன்றுக்குக் கொக்லியர் இம்ப்ளான்ட் பொருத்தி, சுமார் மூன்று மாதம் மின்தூண்டல் கொடுத்தார்கள். தட்டையாகிப் போன இணைப்புகள் பழைய அளவுக்கும் வடிவத்துக்கும் திரும்பி வந்தன. கேளாமை நரம்பிணைப்பை மாற்றுகிறது, நேரத்தோட சத்தம் கொடுத்தால் அந்த மாற்றத்தைத் திருப்பலாம் என்பது அப்போது கண்ணுக்குத் தெரிந்தது.

கடற்கரையில் கிடந்த ஒரு சிப்பி

அந்தக் கருவியின் கதையைக் கடற்கரைப் பிள்ளைகளான நாங்கள் தெரிந்திருக்க வேணும். 1957இல் பாரிஸில் ஜூர்னோவும் எய்ரியேயும் ஒரு மனிதரின் கேள்நரம்பில் முதல் தரம் மின்தூண்டல் கொடுத்தார்கள். 1961இல் லொஸ் ஏஞ்சலஸில் வில்லியம் ஹவுஸ் முயன்றார். அவுஸ்திரேலியாவின் கிரேம் கிளார்க்குக்கு இது வீட்டு விஷயம். மருந்துக்கடை வைத்திருந்த அவருடைய தகப்பனுக்குக் காது கேட்காது. சுருண்ட அந்தக் குழாய்க்குள் கம்பியை உடைக்காமல் எப்படி நுழைப்பது என்று தெரியாமல் திண்டாடியவர், 1977இல் ஒரு கடற்கரையில் சிப்பி ஒன்றை எடுத்து அதற்குள் புல்லை நுழைத்துப் பார்த்தார். நுனி மெல்லிசாகவும் அடி தடிப்பாகவும் இருந்த புல் சுழன்று உள்ளே போனது. 1978 ஓகஸ்ட் 1ஆம் திகதி மெல்பேர்னில் முதல் சத்திரசிகிச்சை செய்தார்.

அதே 1978இல் இங்கிலாந்தின் டேவிட் கெம்ப், நல்ல காது தானும் ஒரு மெல்லிய சத்தத்தைத் திருப்பி அனுப்புகிறது என்று கண்டார். தூங்கும் பச்சைப் பிள்ளையின் காதில் ஒரு சின்னக் கருவியை வைத்துச் சில நிமிஷத்தில் கேள்வியைச் சோதிக்க முடிவது அதனால்தான். பிள்ளை கை தட்டினால் திரும்புதா என்று பார்த்துக் காத்திருக்கத் தேவையில்லை.

2002இல் அனு ஷர்மாவும் குழுவினரும் கருவி பொருத்திய பிள்ளைகளின் மூளை அலைகளை அளந்தார்கள். மூன்றரை வயதுக்குள் பொருத்தியவர்களின் மூளை மற்றப் பிள்ளைகளின் மூளை போலவே சத்தத்துக்குப் பதில் கொடுத்தது. ஏழு வயதுக்குப் பிறகு பொருத்தியவர்களில் பெரும்பாலோருக்கு அப்படி வரவில்லை. ஹூபெலின் பூனைக்குட்டி சொன்ன அதே பாடம்தான். கதவு இருக்கிறது, ஆனால் அது காலம் முழுக்கத் திறந்து கிடக்காது.

கை பேசினால் காதுப் பகுதி கேட்கும்

இந்த இடத்தில் கதையை முடித்தால் அது பாதிக் கதை. சத்தம் வராத அந்த மூளைப்பகுதி சும்மா கிடப்பதில்லை. 1999இல் ஜப்பானிய ஆய்வாளர்கள், பிறவியில் கேளாத ஒருவர் சைகைமொழியைப் பார்க்கும்போது அவருடைய மூளையில் கேள்விக்கான மேற்பட்டை இயங்குவதைப் படம் பிடித்தார்கள். மூளை தேடுவது மொழியை. காதால் வராவிட்டால் கண்ணால் வாங்கிக்கொள்ளும். ஆனால் அதுவும் சின்ன வயசிலேயே வர வேணும்.

இதை மனிதர்கள் அனுபவத்தில் முன்பே அறிந்திருந்தார்கள். ஒஸ்மானிய அரண்மனையில் கேளாத பணியாளர்கள் சைகையால் பேசினார்கள். கேட்கும் அதிகாரிகளும் சுல்தான்களும்கூட அதைக் கற்றார்கள். இருந்தும் 1880இல் மிலானில் கூடிய கல்வி மாநாடு, கேளாத பிள்ளைகளுக்கு வாய்ப்பேச்சை மட்டும்தான் கற்பிக்க வேணும், சைகை வேண்டாம் என்று தீர்மானித்தது. வந்திருந்த பேராளர்களில் கேளாதவர் ஒரே ஒருத்தர். உலகம் முழுக்கப் பல பள்ளிக்கூடங்களில் பிள்ளைகளின் கையைக் கட்டிப் போட்ட காலம் அதிலிருந்து நீண்டது. 2010இல் வன்கூவரில் கூடிய அதே மாநாடுதான் அந்தத் தீர்மானத்தை நிராகரித்து வருத்தம் தெரிவித்தது. 130 வருடம்.

இலங்கையில் 1912இல் மேரி சப்மன் என்ற மிஷனரி அம்மையார் கேளாதோருக்கும் பார்வையற்றோருக்கும் ஒரு பாடசாலை தொடங்கினார். அது பிறகு இரத்மலானையில் நிலைத்தது. 1950களில் தமிழ்ப் பிள்ளைகளுக்கென யாழ்ப்பாணத்துக் கைதடியில் ஒன்று உருவானது. எங்கட கரையில் இருந்து ஒன்று தீவின் மறுகரை, மற்றது வடக்கின் மறுமுனை. நாலு வயசுப் பிள்ளையை எந்த உம்மா அவ்வளவு தூரம் அனுப்புவா?

இஸ்ரேலின் நெகேவ் பாலைவனத்தில் அல்-சையித் என்று ஒரு பெதுவின் முஸ்லிம் கிராமம் இருக்கிறது. எங்களைப் போலச் சொந்தத்துக்குள் கலியாணம் முடிக்கிறவர்கள். தாய், தகப்பன் இருவரிடமும் மறைந்திருக்கும் ஒரே மரபணு மாற்றம் பிள்ளையில் சேர்ந்து வெளிப்பட்டு, சுமார் 3500 பேரில் ஏறத்தாழ 150 பேர் கேளாதவர்கள் ஆனார்கள். அங்க நடந்தது என்ன? கேட்கும் சனமும் சேர்ந்து ஒரு சைகைமொழியை வளர்த்துக்கொண்டது. உம்மா, சாச்சி, பக்கத்து வீட்டுப் பொடியன் எல்லாருக்கும் அது தெரியும். அந்த ஊரில் கேளாதவர் இருந்தார்கள், 'ஊமை' இருக்கவில்லை.

எங்கட கரைக்கு என்ன?

தடுக்கக்கூடியதைத் தடுக்கலாம். கர்ப்ப காலத்தில் ருபெல்லா வந்தால் பிள்ளைக்குக் கண்ணும் காதும் போகலாம். அதற்கு வழி காட்டிய கவனிப்பை 1941இல் சிட்னியின் நோர்மன் கிரெக் செய்தார். இலங்கை 1996இல் ருபெல்லாத் தடுப்பூசியைத் தொடங்கியது. 2020இல் ருபெல்லா ஒழிந்த நாடு என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. ஊசி போட்ட ஒவ்வொரு மிட்வைஃப் மிஸ்ஸுக்கும் அதில் பங்கு இருக்கிறது.

கேட்கும் காதுள்ள நமக்கும் ஒரு எச்சரிக்கை உண்டு. 2009இல் குஜாவாவும் லிபர்மனும் எலிகளுக்கு இரண்டு மணித்தியாலம் பலத்த சத்தம் கொடுத்தார்கள். சில நாளில் கேள்வி பழையபடி வந்தது. ஆனால் உள்ளே பார்த்தால், சில இடங்களில் மயிர்க்கலத்துக்கும் நரம்புக்கும் இடையிலான இணைப்புகளில் பாதி போயிருந்தது. கலியாண வீட்டு ஸ்பீக்கருக்கு முன்னால நிற்கும்போதும், காதுக்குள்ள இயர்போனைத் திணித்துச் சத்தத்தைக் கூட்டும்போதும் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

பிறந்த பிள்ளைக்கு ஒரு மாதத்துக்குள் காதைச் சோதிக்க வேணும், மூன்று மாதத்துக்குள் உறுதி செய்ய வேணும், ஆறு மாதத்துக்குள் உதவி தொடங்க வேணும் என்பது உலகில் பலரும் பின்பற்றும் கணக்கு. "ஆம்புளப் புள்ள, பேச்சு மெதுவாத்தான் வரும்" என்று மூன்று வயது வரை காத்திருப்பது எங்கட கணக்கு. இரண்டுக்கும் நடுவில் போவது அந்தப் பிள்ளையின் நரம்பிணைப்புகள்.

இதையெல்லாம் வாசித்து முடித்த பிறகு மூத்தம்மாவிடம் போய்ச் சொன்னேன். முழுக்கக் கேட்டுட்டு, "அப்ப அவருக்கு வாய் வராமப் போனது ஆருட குத்தம் மனே?" என்றா.

அவர் பிறந்த காலத்தில் கொக்லியர் இம்ப்ளான்ட் இல்லை. அதற்கு யாரையும் குற்றம் சொல்ல ஏலாது. ஆனால் கைகள் இருந்தன. அவருடைய தங்கச்சி ஒருத்திதான் அந்தக் கைப்பேச்சைக் கற்றுக்கொண்டவ. மற்றவர்கள், நாங்களும் சேர்த்து, ஒரு பட்டப்பேரை வைத்துவிட்டு நகர்ந்தோம். மூத்தம்மாவுக்கு அதைச் சொல்ல எனக்கு வாய் வரல்ல.