சென்சரி ரிப்போர்ட்டும் முழு மதிப்பீடும்

மிக்சி ஓடினால் ஒரு சிறுமி காதைப் பொத்திக்கொண்டு அடுத்த அறைக்கு ஓடுகிறாள். சீருடைக் கழுத்தில் தைத்திருக்கும் அளவுத் துண்டைக் கத்தரித்து எடுத்தால்தான் பள்ளிக்குக் கிளம்புவாள். நகம் வெட்டுவது தூங்கிய பிறகுதான். பாட்டி 'வளர்ந்தா சரியாப் போயிடும்' என்கிறார். யு.கே.ஜி. மிஸ் 'எதுக்கும் ஒரு தடவை காட்டிடுங்களேன்' என்கிறார். யாரிடம் காட்டுவது என்பதில்தான் பெற்றோர் திணறுகிறார்கள்.

சென்னை, கோவை போன்ற ஊர்களில் இதற்கு இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று, தெரபி சென்டரில் இருக்கும் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட். மற்றது, குழந்தை வளர்ச்சிக் குறைபாடுகளைப் பார்க்கும் மருத்துவர். இருவரும் கேட்கும் கேள்விகளும் வேறு, கடைசியில் கையில் தரும் காகிதமும் வேறு.

தெரபி சென்டரில் அம்மாவிடம் ஒரு வினாத்தாளைக் கொடுப்பார்கள். அமெரிக்க ஆய்வாளர் வின்னி டன் 1999இல் வெளியிட்ட 'சென்சரி ப்ரொஃபைல்' இந்த வகையில் பெயர் பெற்றது. சத்தம் கேட்டால் எப்படி நடந்துகொள்கிறாள், மணலில் கால் வைப்பாளா, ஊஞ்சலில் ஆடப் பயப்படுகிறாளா, எந்தச் சாப்பாட்டைத் துப்புகிறாள் என்று ஒவ்வொன்றுக்கும் 'எப்போதும்', 'சில சமயம்', 'ஒருபோதும் இல்லை' என்று குறிக்க வேண்டும். எந்தப் புலன் அளவுக்கு மீறிக் கூசுகிறது, எது மந்தமாக இருக்கிறது என்று அதிலிருந்து ஒரு வரைபடம் கிடைக்கும். கலிஃபோர்னியாவைச் சேர்ந்த தெரபிஸ்ட் ஜீன் ஏயர்ஸ் 1972இல் எழுதிய புத்தகம்தான் இந்த மரபுக்கு அடித்தளம். தொடுஉணர்வு, சமநிலை, உடல் எந்த நிலையில் இருக்கிறது என்ற உணர்வு ஆகியவற்றை மூளை சரியாகக் கோத்துக்கொள்ளாவிட்டால் படிப்பும் நடத்தையும் தடுமாறும் என்பது அவர் வாதம். வீட்டில் நடப்பதை இவ்வளவு நுணுக்கமாக மருத்துவர் எவரும் கேட்பதில்லை. இந்த வழியின் பலமே அதுதான்.

மருத்துவர் மிக்சியிலிருந்து தொடங்குவதில்லை. பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புகிறாளா? பிடித்ததை விரலால் சுட்டிக் காட்டி உங்களையும் பார்க்க வைக்கிறாளா? பொம்மைக்குச் சோறு ஊட்டி விளையாடுகிறாளா? எப்போது பேச ஆரம்பித்தாள்? தேவைப்பட்டால் காது கேட்கும் திறனையும் சோதிக்கச் சொல்வார். அவருக்குக் காது பொத்துவது பல அறிகுறிகளில் ஒன்று மட்டுமே. 2013இல் வந்த அமெரிக்க மனநல வகைப்பாட்டு நூலான டி.எஸ்.எம்.-5 புலன் கூச்சத்தை ஆட்டிசத்தின் அளவுகோல்களில் சேர்த்தது. ஆனால், தனி நோயாக அதை ஏற்கவில்லை. அதற்கு முந்தைய ஆண்டே அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம், புலன் சிக்கல் என்ற பெயரை நோயறிதலாகப் பொதுவாகப் பயன்படுத்த வேண்டாம், ஆட்டிசம், கவனக்குறைவு, பதற்றம் போன்றவை பின்னால் இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள் என்று சொல்லிவிட்டது. ஆனாலும் தெரபிஸ்டுகள் இல்லாததைச் சொல்கிறார்கள் என்று ஆகிவிடாது. சின்னஞ்சிறு குழந்தைகளுக்கென்றே 2016இல் வந்த டி.சி.:0-5 என்ற வகைப்பாடு இதைத் தனிப்பிரிவாகவே வைத்திருக்கிறது.

நூல்களின் சண்டை ஒரு பக்கம் இருக்கட்டும். நம் ஊரில் இந்தக் காகிதங்கள் எதற்குச் செல்லும்? மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 பட்டியலிடும் 21 வகைகளில் ஆட்டிசம் உண்டு, கற்றல் குறைபாடு உண்டு. புலன் சிக்கல் கிடையாது. தெரபி சென்டர் தரும் சென்சரி ரிப்போர்ட்டை மட்டும் வைத்து அடையாள அட்டை வாங்க முடியாது. ஆட்டிசத்துக்கு வழி இருக்கிற 'நிராமயா' காப்பீட்டிலும் சேர முடியாது. நல்ல வகுப்பாசிரியர் கிடைத்தால் அந்த ரிப்போர்ட்டைப் படித்துவிட்டு, பிள்ளையை மின்விசிறிச் சத்தம் குறைவான இடத்தில் உட்கார வைப்பார். அதுவும் சின்ன உதவி இல்லை.

இரண்டையும் ஒப்பிட்டால் என்னை உறுத்துவது ஒன்றுதான். பெற்றோர் சென்சரி என்ற பெயரை எளிதாக ஏற்றுக்கொள்கிறார்கள். 'ஆட்டிசம் எல்லாம் இல்லையாம், சென்சரி இஷ்யூதானாம்' என்று சொந்தக்காரர்களிடம் சொல்லிவிடலாம். கல்யாணப் பேச்சு வரை நீளும் பயமும் தணியும். அந்த நிம்மதியிலேயே மருத்துவரின் முழு மதிப்பீடு தள்ளிப்போகிறது. பேச்சும் தாமதம், மற்ற பிள்ளைகளோடு ஒட்டவும் இல்லை என்றால் அப்படித் தள்ளிப்போவது பிள்ளைக்குத்தான் நஷ்டம். அப்போது மருத்துவரை உடனே பார்க்க வேண்டும். தெரபி கூடவே நடக்கலாம்.

மாறாக, பிள்ளை நன்றாகப் பேசுகிறாள், கூட்டாளிகளோடு விளையாடுகிறாள், தவில் சத்தமும் தைத்த துண்டும்தான் தொல்லை என்றால் எந்தப் பெயரும் தேவையில்லை என்பேன். மிக்சி போடுமுன் சொல்லிவிடுவதற்கும், கல்யாண மண்டபத்துக்குக் காது மூடி எடுத்துப் போவதற்கும் யார் கையெழுத்தும் வேண்டாம். தினசரிப் பாடு அதையும் மீறினால் தெரபிஸ்டிடம் போகலாம். ஆனால், பணம் கட்டுமுன் மூன்று மாதத்தில் எது மாற வேண்டும் என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: முடி வெட்ட உட்காருவதா, சட்டை போட்டுக்கொள்வதா? பிரிட்டனில் ஆட்டிசம் உள்ள 138 குழந்தைகளிடம் நடந்து 2022இல் வெளியான சோதனையில், ஏயர்ஸ் வழி தெரபி பெற்றவர்களின் நடத்தை வழக்கமான கவனிப்பில் இருந்தவர்களைவிட மேம்படவில்லை. ஆகவே ஊஞ்சலும் பந்துத் தொட்டியும் இருப்பதாலேயே வருடக்கணக்கில் செஷன் போட வேண்டியதில்லை.

செலவுக்குப் பயந்து மருத்துவ மதிப்பீட்டைத் தள்ளிப்போடுகிறவர்கள் அரசு மருத்துவமனைகளில் இயங்கும் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்தை விசாரிக்கலாம். ராஷ்ட்ரிய பால் ஸ்வாஸ்த்ய கார்யக்ரம் திட்டத்தில் வரும் இந்த மையங்களில் குழந்தை மருத்துவர், பேச்சுப் பயிற்சியாளர், உளவியலாளர் எல்லோரையும் ஒரே இடத்தில் பார்க்க ஏற்பாடு உண்டு, கட்டணம் கிடையாது. போகும்போது தெரபி சென்டர் கொடுத்த வினாத்தாளையும் எடுத்துப் போங்கள். வீட்டில் நடப்பதை மருத்துவர் புரிந்துகொள்ள அதைவிட நல்ல குறிப்பு கிடைக்காது.