மண் வைத்திருந்த கணக்கு

ஆன்டிபயாடிக் எதிர்ப்புன்னா நமக்கு ஆஸ்பத்திரிதான் நினைவுக்கு வரும். வயலில் போடும் எருவுக்கும் அதில் பங்கு உண்டுன்னு சொல்றாங்க. எரு மண்ணுக்கு நல்லதுன்னு கேட்டே வளர்ந்ததால, இதை விடாமல் தேடிப் படித்தேன். கதை தொடங்குவதே மண்ணில்தான்.

அமெரிக்காவின் மிசௌரி பல்கலைக்கழகத்தில் சான்பார்ன் ஃபீல்டுன்னு 1888-இல் தொடங்கிய சோதனை வயல் இருக்கு. அந்த மண்ணில் இருந்த நுண்ணுயிரிலிருந்து பெஞ்சமின் டகர் பிரித்தெடுத்த மருந்துதான் ஆரியோமைசின். டெட்ராசைக்ளின் குடும்பத்தில் மூத்தது. 1948-இல் வெளிவந்தது. அவர் வேலை பார்த்த லெடர்லி ஆய்வகத்தில் அப்போது ஆராய்ச்சித் தலைவர், சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்ரகட சுப்பாராவ்.

மருந்து எடுத்தபின் மிஞ்சும் சக்கையில் பி12 வைட்டமின் இருக்குமேன்னு, அங்கிருந்த ஜூக்ஸும் ஸ்டோக்ஸ்டாடும் அதைக் கோழிக்குஞ்சுகளுக்குக் கொடுத்துப் பார்த்தாங்க. குஞ்சுகள் எதிர்பார்த்ததைவிட வேகமா வளர்ந்தன. 1950-களில் நோயில்லாத கோழிக்கும் பன்றிக்கும்கூட தீவனத்தில் ஆன்டிபயாடிக் கலப்பது பல நாடுகளில் வழக்கமாகிவிட்டது. பென்சிலினும் அதில் சேர்ந்தது.

டெட்ராசைக்ளினில் பெரும்பகுதி உடம்பில் சிதையாமல் கழிவோடு வந்துவிடும். மருந்துக்குத் தப்பிப் பிழைத்த குடல் பாக்டீரியாக்களும் கூடவே வரும். இரண்டும் எருவாக வயலுக்குப் போகும். அங்கே அவை எதிர்ப்பு மரபணுக்களை வேறு இன பாக்டீரியாக்களுக்கும் கைமாற்றிவிட முடியும்.

இதற்குச் சாட்சி டென்மார்க்கின் ஆஸ்கோவ். 1894-இல் தொடங்கிய சோதனை வயல் அது. சில பாத்திகளுக்குத் தொழு உரம், சிலவற்றுக்கு ரசாயன உரம். அவ்வப்போது மண்ணை எடுத்துப் பத்திரப்படுத்தியும் வைத்தாங்க. 1923 முதல் 2010 வரையிலான அந்த மண்ணில், பென்சிலின் வகை மருந்துகளை முறிக்கும் மரபணுக்களை டேவிட் கிரஹாமின் குழு அளந்து 2016-இல் வெளியிட்டது. 1960-க்கு முன் இரண்டு மண்ணுக்கும் பெரிய வித்தியாசமில்லை. அதன்பின் எரு போட்ட மண்ணில் மட்டும் அளவு ஏறுது. 1990-களில் டென்மார்க், வளர்ச்சிக்காக ஆன்டிபயாடிக் கொடுப்பதைப் படிப்படியா நிறுத்தியது. மண்ணிலும் அந்த மரபணுக்கள் இறங்கின.

ஆக, குற்றம் எருவில் இல்லை. 1960-க்கு முன்னாலும் எருதான் போட்டாங்க. கால்நடையின் வாய்க்குள் போனதுதான் மாறிச்சு.

ஆனா கணக்கு முழுசா நேராகலை. எதிர்ப்பு மரபணுக்களைக் கோர்த்துச் சேர்க்கும் இன்டெக்ரான் என்ற அமைப்பின் மரபணு, எரு போட்ட அதே மண்ணில் 1990-க்குப் பிறகு கூடிக்கொண்டே போயிருக்கு. சரக்கு குறைஞ்சிருக்கு, வண்டிகள் பெருகியிருக்கு.